மருந்துக்கு அடங்காத மனச்சிதைவு
(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றியும் விவாகச் செலவைப் பற்றியும் பேசுவதே இம்மேடையின் வழக்கம். அதற்கு மாறாக, நம் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் பேசப்படும் ஒரு வியாதியைப் பற்றிப் பேச அனுமதி தந்த காரியதரிசி அவர்கட்கு எம் வந்தனம் உரியது. யாம் வைத்தியர் அல்லோம். இவ்வியாதி கண்ட தம்பி ஒருவனைப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பராமரித்துவரும் குடும்பத்தார் என்பதொன்றே எமக்குள்ள யோக்கியதை.

இல்லாத குரல்கள் செவியில் ஒலித்தல், பிறர் தம்மைக் கெடுக்கச் சூழ்கின்றனர் என்னும் அசையாத நம்பிக்கை, பேச்சில் தொடர்பறுதல், குளிப்பிலும் ஊணிலும் வேலையிலும் நாட்டமின்மை ஆகியன மனச்சிதைவின் குறிகள். இது தெய்வக் குற்றமன்று; ஏவலுமன்று; தாய் வளர்த்த வளர்ப்பின் பிழையுமன்று. 1952ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து வைத்தியர்களாகிய டிலே, டெனிக்கர் என்னும் இருவர் குளோர்புரோமசின் என்னும் மருந்தால் இந்நோய் தணிதலைக் கண்டு வெளியிட்டனர். அதன்பின் பல மருந்துகள் தோன்றின. நோயாளிகளிற் பெரும்பாலோர் அவற்றால் நலம் பெறுகின்றனர். ஆயினும் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அவை போதிய பயன் தருவதில்லை. யாம் பேசப் புகுந்தது அவரைக் குறித்தே.

‘அடங்காத நோய்’ என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடலாகாது. வெவ்வேறான இரண்டு மருந்துகளை, ஒவ்வொன்றும் தக்க அளவில் ஆறு வாரங்களுக்குக் குறையாமல் உட்கொண்டும் குறிகள் தணியாதிருந்தாலே அப்பெயர் பொருந்தும். உட்கொண்டும் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எம் தம்பி மாத்திரையை நாவின் அடியில் ஒளித்து, துளசி மாடத்து மண்ணில் புதைத்து வந்ததை யாம் எட்டு மாதம் கழித்தே கண்டோம்! அத்தகையோர்க்கு, சில வாரங்களுக்கு ஒருமுறை இடும் ஊசி மருந்துகள் உள்ளன.

இரண்டு மருந்துகள் உண்மையாகவே தோற்றபின், அவ்வினத்தைச் சேர்ந்த மூன்றாவது, நான்காவது மருந்தால் குணம் காணும் நம்பிக்கை மிகக் குறைவு. அந்நிலையில் வைத்திய உலகம் ஒருமுகமாய்க் காட்டும் மருந்து குளோசபின் ஒன்றேயாம். அதன் சரித்திரம் விசித்திரமானது. சுவிட்சர்லாந்தில் பிறந்து, 1970களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வழக்கத்துக்கு வந்த அம்மருந்தை உட்கொண்டோரில், 1975இல் பின்லாந்து தேசத்தில் எட்டுப் பேர் இறந்தனர். ரத்தத்தின் வெள்ளணுக்கள் அற்றுப்போய், தொற்று நோயை எதிர்க்கும் வலியின்றி அவர்கள் மாண்டனர். பல தேசங்களில் மருந்து கைவிடப்பட்டது. பின்னர், வேறு மருந்துகளுக்கு அடங்காத 268 நோயாளிகளைக் கொண்டு கேன் முதலிய அமெரிக்க வைத்தியர்கள் நடத்திய பரீட்சை 1988இல் வெளிவந்தது. ஆறு வாரங்களில் குளோர்புரோமசினால் நூற்றுக்கு 4 பேரும், குளோசபினால் நூற்றுக்கு 30 பேரும் நலமுற்றனர். ரத்தப் பரிசோதனை செய்தே தரவேண்டும் என்னும் கட்டுப்பாட்டோடு அமெரிக்க அரசு 1989இல் அதற்கு அனுமதி அளித்தது. எண்மர் இறந்த அதே பின்லாந்தில், 66,881 நோயாளிகளின் பதினோராண்டுக் கணக்கை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டபோது, ஒப்பிட்ட மருந்துகளுள் குளோசபின் உட்கொண்டோரிடையேதான் மரணம் மிகக் குறைவாயிருந்தது. தற்கொலை எண்ணத்தைக் குறைக்கும் தன்மையும் அதற்கு உண்டு.

எம் தம்பி நோயுற்ற மூன்றாம் ஆண்டில் இளம் வைத்தியர் ஒருவர் இம்மருந்தின் பெயரை எடுத்தார். ‘ரத்தத்தை முறிக்கும் விஷம்’ என்று உறவினர் சொன்னதை நம்பி யாமே மறுத்துவிட்டோம். தங்கையின் விவாகம் முடியும்வரை ஊரறிய வைத்தியசாலைக்கு வாரந்தோறும் போதல் தகாது என்பதும் எம் உள்ளத்தில் இருந்த காரணம். மேலும் ஆறு ஆண்டுகள் கழிந்தன. அவ்வாண்டுகளில் பின்கட்டு அறையில் அவனைத் தாழிட்டு வைத்த இரவுகள் பல. சொல்ல நாணமாகவே உள்ளது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்ட செய்தியை யாம் அறியாதவர் அல்லோம், அறிந்தே தாழிட்டோம். நோயாளியைச் சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது.

பத்தாம் ஆண்டில் குளோசபின் தொடங்கிற்று. வெள்ளணுக்கள் அபாயமாகக் குறைதல் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்வது; அதுவும் பெரும்பாலும் முதற் பதினெட்டு வாரங்களுக்குள். ஆகவே அக்காலத்தில் வாரந்தோறும், பின்னர் வைத்தியர் குறிக்கும் இடைவெளியிலும் ரத்தம் பார்க்கப்படும். இடையில் காய்ச்சலோ தொண்டைவலியோ கண்டால் அன்றே பார்க்க வேண்டும். முதல் சில வாரங்களில் மார்புவலி, மூச்சிரைப்பு, படபடப்பு தோன்றினால் இருதய வீக்கமோ என்று ஐயுற்று உடனே ஓட வேண்டும்.

ரத்தத்தை எல்லோரும் பேசுவர். மலச்சிக்கலை ஒருவரும் பேசார். குடல் இயக்கம் நின்று உயிர் போதலும் உண்டாதலின், வெட்கத்தை விட்டு நாள்தோறும் கேட்டறிக. இரவில் எச்சில் ஒழுகித் தலையணை நனையும், உடல் பருக்கும், சர்க்கரை ஏறும், அளவு மிகுந்தால் வலிப்பு வரலாம். எம் தம்பி ஒருநாள் பீடியை அறவே விட்டான். மகிழ்ந்தோம். ஒரு வாரத்தில் பகலெல்லாம் உறங்கலானான். புகை இம்மருந்தை உடலில் விரைந்து கரைக்கும் என்றும், புகை நின்றால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும் என்றும் வைத்தியர் சொல்லியே அறிந்தோம். மற்றொருமுறை குலதெய்வ வழிபாட்டிற்குச் சென்றபோது மாத்திரைப் பொட்டலத்தை மறந்து, மூன்று நாள் கழித்து வழக்கமான அளவையே கொடுத்தோம், மயங்கி விழுந்தான். இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் வைத்தியரைக் கேட்டுச் சிற்றளவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்பது விதி.

குணமானானோ என்பீர்கள். குரல்கள் முற்றும் ஓயவில்லை. நான்காம் மாதத்தில் ஒருநாள், “அவங்க இன்னைக்குப் பேசலை, அண்ணா” என்றான். இன்று மைத்துனர் கடையில் முற்பகலில் கணக்கு எழுதுகிறான். அறைக்குத் தாழ் இல்லை.

குளோசபினுக்கும் அடங்காதோர் உளர். அவர்க்கு ரத்தத்தில் மருந்தின் அளவை அளந்து பார்த்தல், அமிசல்பிரைடு போன்ற மற்றொரு மருந்தைச் சேர்த்தல், மயக்கம் கொடுத்துச் செய்யும் மின்னதிர்வுச் சிகிச்சை ஆகிய வழிகள் உண்டு. பயன் ஆளுக்கு ஆள் மாறும்.

ஆறு வாரம் ஆறு வாரமாக இரண்டு மருந்து பார்த்தாயிற்றா, குளோசபின் தொடங்கலாமா என்று உங்கள் வைத்தியரை நேரே கேளுங்கள். இச்சங்கத்தின் தரும நிதியிலிருந்து ரத்தப் பரிசோதனைச் செலவுக்கு உதவ வேண்டும் என்று காரியக் கமிட்டியாரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். கூட்டம் கலைந்தபின் புத்தக அறையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்போம். வருவோர் தம் பெயரும் ஊரும் சொல்ல வேண்டுவதில்லை.