இடது கை வாசிக்கட்டும்



ஸ்விங் என்றால் என்ன, ஆம்ஸ்ட்ராங் யார், எலிங்டன் யார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதனால் நேரே பியானோவுக்கு வருகிறேன். அதிலும் இடது கைக்கு வருகிறேன்.

இப்போது பெரிய நகரங்களின் ஜாஸ் கிளப்புகளில் 'பழைய கால ஸ்விங் இரவு' நடத்துவது வழக்கமாகிவிட்டது. 1930களின் கோட்டு, மணி கோத்த கவுன், மங்கிய விளக்கு, எல்லாம் கச்சிதமாக இருக்கும். பியானோ வாசிப்பவரைப் பார்த்தால் இடது கை சும்மா கிடக்கும். கீழ் ஸ்தாயி முழுவதையும் பேஸ்காரரிடம் விட்டுவிட்டு, வலது கை மட்டும் தலைதெறிக்க ஓடும். பியானோ வாசிக்கிற எனக்கு இது பொறுக்கவில்லை. ஸ்விங் பியானோவின் உயிர் இடது கையில் இருக்கிறது.

இந்தக் கை எங்கே வளர்ந்தது? 1920களில், நியூயார்க்கின் ஹார்லெமில். வீட்டு வாடகை கட்ட முடியாதவர்கள் வீட்டிலேயே விருந்து வைத்து, வருகிறவர்களிடம் நுழைவுக் காசு வாங்குவார்கள். டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. ஒரு பியானோ, ஒரே ஆள். அறை முழுக்க ஆட வேண்டும். எனவே இடது கை முதல் அடிக்குக் கீழ்க் கட்டையைத் தொட்டு, இரண்டாம் அடிக்கு நடுவில் ஒரு கார்டுக்குத் தாவி, மூன்றாம் அடிக்கு மறுபடி கீழே இறங்கும். இதுதான் ஸ்ட்ரைட். மிருதங்கத்தில் தொப்பி செய்கிற வேலையையும் செய்து, பாட்டுக்குத் துணையும் நிற்கிற கை அது.

ஸ்ட்ரைட் பியானோக்காரர் ஜேம்ஸ் பி. ஜான்சனின் 'கரோலினா ஷவுட்' அந்த வட்டாரத்தில் ஒரு பரீட்சை. இளைஞராக இருந்த எலிங்டன், தானியங்கிப் பியானோவில் அதன் சுருளை மெதுவாக ஓடவிட்டு, தாமாகவே இறங்கும் கட்டைகள்மேல் விரலை வைத்து வைத்துப் பழகினார்.

ஜான்சனிடம் கற்றவர்தான் என் ஆள்: ஃபாட்ஸ் வாலர். பாடிச் சிரிக்க வைத்தவர் என்றே பலரும் அவரை நினைவு வைத்திருக்கிறார்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம். 1929இல் அவர் தனியாக வாசித்துப் பதிவு செய்த 'ஹேண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்' கேளுங்கள். வேகமான உருப்படி, ஆனால் அவசரமே கேட்காது. கீழ் ஸட்ஜத்தையும் அடுத்த ஸ்தாயிக் காந்தாரத்தையும் ஒரே கையால் ஒருசேரப் பிடிப்பார். என் கைக்கு அந்தத் தூரம் எட்டாது. நான் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டித்தான் வாசிக்கிறேன். அவ்வளவு பெரிய கை, ஆனாலும் எந்தக் கட்டையையும் அறையாது. இதைத் திரும்பவும் சொல்கிறேன்: அறையாது. கனமான மனிதர், கனமில்லாத தொடுகை. சிறுவயதிலிருந்து ஆர்கன் வாசித்தவர், பாக் இசைமேல் தீராத பிரியம் கொண்டவர். இரண்டு கைகளும் தனித்தனியே பேசக் கற்றது அங்கேதான் என்று நம்புகிறேன். 1943 டிசம்பரில், ஓடும் ரயிலில், நிமோனியாவால் இறந்தார். வயது 39.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் வலது கையை மடியில் வைக்கச் சொல்லிவிடுவார். மாதக்கணக்கில் இடது கை மட்டும்தான். பாட்டே இல்லாமல் என்ன வாசிப்பு என்று எரிச்சல் வரும். ஒரு சாயங்காலம், பக்கத்து அறையில் யாரோ காலால் தாளம் போடுவது கேட்டது. அதற்குப் பிறகு நான் எரிச்சல்படவில்லை.

கவுண்ட் பேஸி இடது கையைக் குறைத்தவர்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், குறைத்தார். ஆனால் ஹார்லெமின் லிங்கன் தியேட்டரில், வாலரின் காலடியில் தரையில் உட்கார்ந்து ஆர்கன் படித்தவர் அவர். ஸ்ட்ரைட் முழுவதும் கைவசம் இருந்தது. கான்ஸாஸ் சிட்டியில் வால்டர் பேஜின் பேஸ், ஜோ ஜோன்ஸின் டிரம்ஸ், பிறகு ஃப்ரெடி கிரீனின் கிதார் என்று ஆட்கள் அமைந்த பிறகே அந்தப் பாரத்தை இறக்கி வைத்தார். தெரிந்து விடுவது வேறு, தெரியாமல் விடுவது வேறு. 1936இல் இசைப்பதிவுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் சிகாகோவில் தன் கார் வானொலியில் பேஸியின் குழுவைக் கேட்டுத்தான் அவர்களைத் தேடிப் போனார். உடையும் விளக்கும் வானொலியில் தெரியாது. வாசிப்பு மட்டும் போதுமானதாக இருந்தது.

ஸ்விங் இரவு நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. உடைக்கும் அலங்காரத்துக்கும் செலவழிக்கும் முன் பியானோவைச் சுருதி கூட்டி வையுங்கள். ஒலிபெருக்கியைக் குறையுங்கள். இரவில் இரண்டு உருப்படிகளுக்காவது டிரம்ஸையும் பேஸையும் நிறுத்திவிட்டு, பியானோக்காரரைத் தனியே வாசிக்க விடுங்கள்.