குழந்தைகளின் கப்பலில் இரு முதியவர்

அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்திலிருந்து கரிபியன் உலாச் செல்லும் கப்பல்களுள் சில, குழந்தைகளை உடைய குடும்பங்களுக்கென்றே அமைந்தவை. எழுபதைக் கடந்த நானும் என் மனைவியும், பேரக்குழந்தை எவரும் உடனின்றி, அத்தகைய கப்பலொன்றில் ஏறினோம். கட்டணம் குறைவு, காரணம் அவ்வளவே.

முதல் நாள் வருந்தினோம். மேல்தளத்தில் நீர்ச்சறுக்கு, குளமெங்கும் கூச்சல், உணவுக்கூடத்தில் தட்டேந்திய சிறார் கூட்டம். பெரியவர்களுக்கென ஒதுக்கிய தளம் ஒன்று உண்டென்று அறிந்து அங்கே சென்றோம். அமைதிதான், ஆனால் அரைமணிக்குள், "ஆளில்லாத வீடு போலிருக்கிறது" என்று என் மனைவி எழுந்துவிட்டாள்.

மறுநாள் பஹாமாத் தீவுகளின் தலைநகராகிய நாசோவில் இறங்கினோம். அது இருப்பது அட்லாண்டிக் கடலில் அல்லவா என்று பூகோளம் பயிலும் மாணவர்கள் கேட்பீர்கள். உண்மைதான், கப்பல்காரர் அதைப் பொருட்படுத்துவதில்லை.

அங்கே 'அரசியின் படிக்கட்டு' என்றொன்று உளது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அடிமைகள் சுண்ணாம்புப் பாறையைக் கையால் வெட்டி அமைத்தது. பிற்காலத்தில் விக்டோரியா அரசியின் நினைவாகப் பெயர் பெற்றது. வெட்டியவர் பெயர் எதுவும் அதற்கு இல்லை. 65 படிகளையும் எண்ணிக்கொண்டே கப்பற் சிறார் ஓடினர். என் மனைவி இருபதாம் படியில் அமர்ந்துவிட்டாள். சிறுமி ஒருத்தி திரும்பி வந்து அருகில் அமர்ந்து, "இதை வெட்டியவர்களும் நடுவில் இளைப்பாறினார்களா?" என்றாள்.

"விட்டிருக்க மாட்டார்கள், அம்மா."

சிறுமி பாறையைத் தடவிப் பார்த்தாள். பிறகு மூவரும் மெல்ல ஏறினோம். அன்றிரவு அவள் குடும்பத்தார் தம் மேசையருகே இரண்டு நாற்காலிகளை மிகுதியாகப் போட்டிருந்தனர்.