சில்லும் வில்லும்

(நூற்றாண்டு விழாவையொட்டி அரியாலையில் இன்றைய மாணவியர் முன் நாம் ஆற்றிய உரை)

பழைய மாணவியர் வந்தால் பழங்கதைதான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் தொழில்நுட்பப் பிரிவுத் தங்கை ஒருத்தி எமக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருந்தாள். "தரையில் மிக வேகமாக ஓடும் கார்களுக்கு ஸ்பிறிங் தேவையா?" அதற்கே விடை சொல்ல வந்தோம்.

பாதி விடை எமது மண்ணிலேயே உண்டு. பிரயாணத்துக்கான வில்லு வண்டிலில் அச்சுக்கு மேலே இரும்பு வில் இருக்கும். சவாரித்திடலில் ஓடும் வண்டிலுக்கு வில் கிடையாது. அங்கே சொகுசு முக்கியமல்ல. பாரம் குறைய வேண்டும்.

அமெரிக்காவின் பொனவில் உப்புவெளியில் ஓடும் கார்கள் பலவற்றிலும் பின் அச்சைச் சட்டத்தோடு இறுக்கியே பூட்டுகிறார்கள். ஸ்பிறிங் இளகலாக இருந்தால் ஓடும்போது காரின் மூக்கு உயரும். அடியில் காற்றுப் புகுந்தால் கார் மேலே எழும்பப் பார்க்கும்.

அப்படியானால் ஸ்பிறிங்கே வேண்டாமா? மணிக்கு 800 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறக்குறைய 222 மீற்றர். தரையில் மீற்றருக்கு ஒரு சிறு மேடு இருந்தால், சில்லுக்கு ஒரு செக்கனில் 222 அடி விழும். சில்லு தரையை விட்டு எழுந்தால் சுக்கானைத் திருப்பியும் பயனில்லை. ஆகவே கரடான தரைக்கு, சிறிதளவே அசையும் கடினமான ஸ்பிறிங்கும், துள்ளலை அடக்கும் ஷொக் அப்சோபரும் வேண்டும். 1997 ஒக்டோபர் 15இல் நெவாடாப் பாலைவனத்தில் மணிக்கு 1,227.985 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி, ஒலியின் வேகத்தைத் தாண்டியது திரஸ்ற் எஸ்.எஸ்.சி. அதன் சில்லுகள் ரயர் இல்லாத திண்ம அலுமினியம். மூக்கு உயராமலும் தாழாமலும் காக்க அதன் சஸ்பென்சனைக் கணினி கட்டுப்படுத்தியது.

எனவே தங்கையே, முதலில் தரையைப் பார். அடுத்து வேகத்தையும் பாரத்தையும் கணக்கிடு. ஸ்பிறிங்கைத் தெரிவது அதன் பிறகுதான்.

இந்தத் துறையில் பெண்களும் உண்டு. கைக்குழந்தையாக இருக்கும்போதே நோயால் செவிப்புலன் இழந்த கிற்றி ஓநீல், 1976 டிசெம்பரில் ஒறிகன் மாநிலத்து அல்வோட் பாலைவனத்தில் மணிக்கு 825.127 கிலோமீற்றர் ஓடினார். அந்தக் கார் இன்னும் வேகமாக ஓடக்கூடியது. ஆனால் அவருடைய ஒப்பந்தம் பெண்களுக்கான சாதனைக்கு மட்டுமே. மொத்தச் சாதனைக்கான முயற்சி ஓர் ஆணுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 2019 ஓகஸ்ற் 27இல் அதே பாலைவனத்தில் ஜெசி கோம்ஸ் 841.338 கிலோமீற்றர் வேகத்தை எட்டி, அந்த ஓட்டத்திலேயே உயிரிழந்தார். முன் சில்லு பழுதடைந்தது. தரையில் கிடந்த ஏதோவொன்றில் மோதியதே பெரும்பாலும் காரணம் என்றது விசாரணை. அவருடைய சாதனை மறு ஆண்டு அங்கீகரிக்கப்பட்டது.

தரையைப் பார் என்று நாம் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1995 ஒக்டோபர் 30 இரவு, செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனத்தோடு சனமாக நாமும் சைக்கிள் உருட்டிப் போனோம். கரியரில் அம்மம்மா, ஹான்டிலில் புத்தகப் பை. நாம் அறிந்த சஸ்பென்சன் சீற்றுக்குக் கீழே இருந்த இரண்டு ஸ்பிறிங் மட்டுமே. கரியருக்கு அதுவும் இல்லை. ஒவ்வொரு குழியிலும் அம்மம்மா முனகினார். அந்தப் பாதையின் குழிகளை எமது கைகள் இன்னமும் மறக்கவில்லை.

பிறகு எம்மில் சிலர் உலகின் பல மூலைகளுக்குப் போனோம். அந்நாளில் எமக்கு எட்டாத தொழில்நுட்பப் பாடம் இன்று உங்கள் வகுப்பறையில் இருக்கிறது. அதை ஆண்பிள்ளைகளின் பாடம் என்று எவரும் சொன்னால் நம்பாதீர்கள். கேள்வி கேட்ட தங்கைக்கு எமது நன்றி. நீ செய்யப்போகும் வண்டியைப் பார்க்க நாம் எல்லோரும் வருவோம்.