பட்டம் மட்டும் எஞ்சிய அரசி



பட்டம் என்னும் தமிழ்ச் சொல் ஆட்சியுரிமையையும் குறிக்கும். வெறும் பெயர்ச் சிறப்பையும் குறிக்கும். ஆட்சியைப் பறித்துக்கொண்டு பெயரை மட்டும் விட்டுவைத்தால், அதைப் பெற்றவரின் நிலை என்ன? 15-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரில் பிறந்த கத்தரீனா கொர்னாரோ இவ்வினாவைத் தன் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் சுமந்தவள்.

வெனிஸ் ஒரு குடியரசு. அங்கே மன்னர் இல்லை. உயர்குடி வணிகரே ஆண்டனர். அவர்களுள் கொர்னாரோ குடும்பத்தாருக்கு, மத்தியதரைக் கடலின் கீழ்ப்பகுதியிலுள்ள சைப்ரஸ் தீவில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அத்தீவின் மன்னன் இரண்டாம் ஜேம்ஸ், முறைப்படி முடிசூடிய தன் தங்கை சார்லட்டை விரட்டிவிட்டு அரியணை ஏறியவன். அவனுக்கு வலிய துணை தேவைப்பட்டது. வெனிஸ் குடியரசுக்கோ தீவின்மீது கண். 1468-ஆம் ஆண்டில், மணமகன் வராமலே, அவனுடைய தூதரை முன்வைத்து, சிறுமி கத்தரீனாவுக்கு வெனிஸ் நகரில் மணம் நடந்தேறியது. குடியரசு அவளைத் தன் மகளாகவும் ஏற்றுக்கொண்டது.

நம் புறப்பாடல்களில் 'மகட்பாற் காஞ்சி' என்றொரு துறை உண்டு. பெண் கேட்டு வந்த வேந்தனுக்கு மகளைத் தர மறுத்துப் போருக்கும் துணிந்த குடியினரைப் பற்றியது அது. வெனிஸ் மறுக்கவில்லை, மனமுவந்து கொடுத்தது. மகளின் உடைமை ஒருநாள் பிறந்தகத்துக்கு வந்து சேரும் என்பது அதன் கணக்கு.

1472-இல் கத்தரீனா கப்பலேறினாள். மறு ஆண்டு ஜூலையில் கணவன் இறந்தான். அப்போது அவள் கருவுற்றிருந்தாள். ஆகஸ்டில் மகன் பிறந்தான். நவம்பரில் எதிர்க்கட்சியார் கலகம் செய்து, அவளுடைய சிற்றப்பனைக் கொன்றனர். வெனிஸ் கப்பற்படை வந்து கலகத்தை அடக்கியது; ஆனால் வந்தவர்கள் அதிகாரத்தைத் திருப்பித் தரவில்லை. 1474-இல் குழந்தையும் மாண்டது. அரசிக்கு 'ஆலோசகர்'களை வெனிஸ் அமர்த்தியது. ஆணைகள் அவள் பெயரில் பிறந்தன, முடிவுகளோ அவர்களுடையவை. நாடிழந்த சார்லட்டும் 1487-இல் ரோமாபுரியில் இறக்கும்வரை தன்னைச் சைப்ரஸ் அரசி என்றே கூறி வந்தாள். ஒரு தீவுக்கு இரண்டு அரசியர். ஆண்டவள் இருவரில் ஒருத்தியும் இல்லை.

1488-இல் நேப்பிள்ஸ் அரச குடும்பத்தில் கத்தரீனாவை மறுமணம் செய்விக்கச் சிலர் முயல்வதாக வெனிஸ் அறிந்தது. உடனே அவளுடைய உடன்பிறந்தான் ஜார்ஜோவையே தூது அனுப்பியது. முதலில் அவள் இணங்கவில்லை. குடியரசை எதிர்த்தால் குடும்பத்துக்கே கேடு விளையும் என்ற நிலையில் இசைந்தாள். 1489-இன் தொடக்கத்தில் தலைநகர் நிகோசியாவை விட்டு அவள் வெளியேறியபோது அவளும் அழுதாள், மக்களும் அழுதனர் என்று அத்தீவின் வரலாற்றாசிரியர் பூஸ்த்ரோனியோஸ் எழுதி வைத்திருக்கிறார்.

வெனிஸ் அவளை விழா எடுத்து வரவேற்றது. அரசி என்னும் பட்டத்தை அவள் வைத்துக்கொள்ளலாம் என்றது. வாழ்நாள் மானியமாக அசோலோ என்னும் சிறு மலையூரைக் கொடுத்தது.

அங்கே அவள் முடங்கிக் கிடக்கவில்லை. கற்றோரையும் கலைஞரையும் அழைத்துச் சிறியதோர் அவை அமைத்தாள். அந்த அவையையே களமாகக் கொண்டு பியெத்ரோ பெம்போ என்னும் அறிஞர், காதலின் இயல்பை ஆராயும் உரையாடல் நூலொன்றை இலத்தீனில் அன்றி இத்தாலிய மொழியில் எழுதினார். 1505-இல் அது அச்சேறியது. ஜெந்திலே பெல்லினி தீட்டிய அவளுடைய உருவப்படம் இன்று புடாபெஸ்ட் நகரில் உள்ளது. அதிலுள்ள வாசகம், நாடு பறிபோன பின்னரும் அவளைச் சைப்ரஸின் தலைவியாகவே பேசுகிறது. 1509-இல் போர் மூண்டு அசோலோவையும் விட்டு வெளியேறிய அவள், 1510-இல் வெனிஸ் நகரில் காலமானாள். அவ்வளவு சூழ்ச்சியால் பெற்ற தீவைத் துருக்கியரிடம் வெனிஸ் 1571-இல் இழந்தது.

அசோலோவில் விளைந்த இலக்கியத்தைக் காட்டி, சைப்ரஸில் நடந்த அநீதியை நாம் நியாயப்படுத்தக் கூடாது. ஆனால் அவள் இறுதிவரை கைவிடாத அந்தப் பெயரை வெறும் பகட்டு என்று தள்ளவும் மனம் வரவில்லை. ஒரு சென்ட் நிலமும் மிஞ்சாத ஊரின் முதலெழுத்தைத் தம் பெயரின் முன் தாங்கி, தொலைவில் வாழ்வோர் நம்மிடையே எத்தனை பேர்! பெயர் நிலத்தை மீட்டுத் தராது. ஆயினும் இன்னார் என்று நம்மை நமக்கு உணர்த்தும். கத்தரீனாவுக்கும் அந்தப் பட்டம் அதைச் செய்திருக்க வேண்டும்.