ஏவினால் மட்டும் போதுமா?

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில், திரையில் படம் காட்டும் புரொஜெக்டர் ஒன்று இருந்தது. மின்சாரம் வீணாகலாகாது என்னும் எண்ணத்தால், பாடம் முடிந்தவுடன் சுவரிலிருந்த சுவிட்சை நானே அணைத்துவிடுவேன். சிக்கனம் என்று பெருமையும் கொண்டேன். ஆனால் விளக்கு தன் காலத்திற்கு முன்பே கெட்டது. பழுது பார்க்க வந்தவர், “விளக்குக் கொதித்துக்கொண்டிருக்கும்போதே விசிறியை நிறுத்திவிட்டீர்களே, ஐயா!” என்றார். புதிய விளக்கு வரும்வரை மாணவர்கள் படமின்றிப் பாடம் கேட்டனர். பிழை என்னுடையதே.

பாதரச ஆவி விளக்குள்ள புரொஜெக்டரில், ஒளியை அணைத்த பின்னும் விசிறி சிறிது நேரம் சுழன்று வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஓர் அறையாயின் ஒருவர் அருகிலிருந்து கவனிக்கலாம். நாற்பது அறைகள் கொண்ட கல்லூரியில் யார் கவனிப்பது? இதற்காகவே கருவிகளைக் கணினி வலையமைப்பில் இணைத்து, ஓரிடத்திலிருந்து கட்டுப்படுத்தும் முறை எழுந்தது.

முதலில், ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் மாறாத ஐ.பி. முகவரி ஒன்றைத் தர வேண்டும். வீட்டிற்குக் கதவிலக்கம் போன்றது அது. இலக்கம் அடிக்கடி மாறினால் கடிதம் எவ்வாறு சேரும்? அடுத்தது மொழி. ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவிக்குத் தனித்தனிக் கட்டளை மொழியை வகுத்திருந்தது. இவ்விடர்ப்பாட்டைக் குறைக்க, ஜப்பான் நாட்டுத் தொழில்துறைச் சங்கம் ஒன்று 2005ஆம் ஆண்டில் ‘பிஜேலிங்க்’ என்னும் பொதுமொழியை வெளியிட்டது. வலையமைப்பில் 4352 என்னும் எண்ணுள்ள வாயிலில் இம்மொழி பேசப்படுகிறது.

‘ஒளிர்க’, ‘அணைக’ என ஏவுவதோடு இம்மொழி நிற்பதில்லை. ‘நீ எந்நிலையில் இருக்கிறாய்?’ என்று வினவவும் செய்கிறது. கருவி ஓர் எண்ணால் விடை கூறும். 0 என்றால் ஓய்வு. 1 என்றால் ஒளிர்கிறது. 2 என்றால் குளிர்ந்துகொண்டிருக்கிறது. 3 என்றால் சூடேறிக்கொண்டிருக்கிறது. விளக்கு எரிந்த மணிக்கணக்கையும், விசிறியின் கோளாறையும்கூடக் கேட்டறியலாம். அன்று நான் சுவிட்சை அணைத்த வேளையில் கருவியைக் கேட்டிருந்தால், ‘2’ என்று சொல்லியிருக்கும். நான் கேட்கவில்லை.

மோட்டாரால் இயங்கும் திரையின் இயல்பு வேறு. பெரும்பாலும் ரிலே என்னும் மின்விசை வழியாக ‘இறங்கு, ஏறு, நில்’ என்னும் மூன்று ஆணைகளை மட்டுமே அது ஏற்கும், மறுமொழி கூறாது. ஆதலால் அது இறங்கி முடிய ஆகும் நேரத்தை அளந்து, அத்துணை நேரம் காத்திருக்கும்படி கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கற்பிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கடவுச்சொல் வைக்காமல் விட்டால், குறும்புக்காரர் எவரும் அடுத்த அறையின் பாடத்தை அணைத்துவிடலாம். வலையமைப்பே செயலற்றுப் போகும் நாளும் வரலாம்; அதற்காக, திரையை ஏற்றி இறக்கக் கைச்சுவிட்சு ஒன்று சுவரில் இருத்தல் வேண்டும்.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் இத்தகைய அமைப்புகளை நிறுவுவீர்கள். கட்டளையை அனுப்பியதோடு கடமை முடிந்தது எனக் கருதாதீர்கள். விடை வந்ததா என்று பாருங்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் அடுத்த பாடத்திற்குச் சென்ற நாட்கள் என் ஆசிரியப் பணியிலும் உண்டு. அதனை நினைந்தே இதனைச் சொல்லுகிறேன்.