மாற்றியவனுக்கு மட்டும் சொந்தமா?

(கப்பலூரில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கணினி மென்பொருளின் பாத்தியதையைப் பற்றியதாகும். தொழிற்பேட்டையில் பாடுபடுகிறவர்களுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். அது நம் பிள்ளைகளின் கைக்கே வந்துவிட்ட பிறகு நமக்கில்லாமல் வேறு யாருக்கு?

2011-இல் தமிழ்நாட்டு சர்க்கார் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. அவற்றில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்பதும் வைக்கப்பட்டது. டெபியன் என்னும் உலகப் பொதுத் தொகுப்பை எடுத்து, நம் நாட்டுப் பாஷைகளுக்கு ஏற்றபடி மாற்றி, சி-டாக் என்னும் மத்திய சர்க்கார் ஸ்தாபனம் அதைச் செய்தது. பிறர் செய்ததை எடுத்து மாற்றுவது திருட்டல்லவா என்றால், அல்லவே அல்ல.

1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் இன்றுள்ளபடி, எழுதியவன் சம்மதமின்றி மென்பொருளை மாற்றவோ பரப்பவோ பொதுவாகக் கூடாதுதான். ஆனால் லினக்ஸ் 1992 முதல் ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தில் இருந்துவருகிறது. அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் வெளியிட்ட அவ்வுரிமம், அந்தச் சம்மதத்தை எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. எடு, மாற்று, இனாமாகக் கொடு, விலைக்கும் வில் என்கிறது.

ஆனால் நிபந்தனை உண்டு. முன் எழுதியவர்களின் உரிமைக் குறிப்பை அழிக்கக்கூடாது. மாற்றியதை மாற்றியதாகச் சொல்லவேண்டும். வாங்குகிறவனுக்கு மூல நிரலும் கிடைக்கச் செய்யவேண்டும். நமக்கிருந்த உரிமை அவனுக்கும் உண்டு. வீட்டுக்குள் மாற்றி வைத்துக்கொண்டால் யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. வெளியே கொடுக்கும்போதுதான் இந்தக் கடமை.

மூல நிரல் என்பது என்ன? வைத்தியன் கொடுக்கும் மாத்திரைக்குச் செய்முறை எப்படியோ, அப்படியே மென்பொருளுக்கு மூல நிரல். செய்முறையை மறைத்தால் வைத்தியனோடு வைத்தியமும் செத்துப்போகும். அவன் உள்ளவரையில் நாம் அவன் வாசலில் காத்துக் கிடக்கவேண்டும்.

எல்லா ஓப்பன் சோர்ஸும் இப்படியல்ல. எம்.ஐ.டி., பி.எஸ்.டி. உரிமங்கள், மாற்றியவன் மூலத்தை மறைத்துக்கொள்ளவும் இடங்கொடுக்கின்றன. ஆகவே எந்த உரிமம் என்று படித்துப் பார்க்காமல் யார் பேச்சையும் நம்பிவிடாதீர்கள்.

தோழர்களே! ஊரார் பாடுபட்டு எழுதிய ஜி.பி.எல். மென்பொருளில் நாலு வரி மாற்றிவிட்டு, "இது எங்கள் ரகசியம், பழுதானால் எங்களிடமே வா" என்று ஒருவன் விற்றால், மூலம் எங்கே என்று உங்கள் பிள்ளைகள் கேட்கட்டும். அது பிச்சையல்ல, பாத்தியதை!