பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் எந்தத் தோட்டத்துப் பிள்ளை?



சிரம்பான் பாரோய் அரங்கில் நெகிரி செம்பிலான் குழு ஆடும் இரவுகளில் ஓர் இரசிகரைத் தவறாமல் பார்க்கலாம். லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் என்று ஏதாவது ஒரு பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இன்று தாமானில் குடியிருப்பவர். ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. "இவனை எதற்கு இறக்கினார்கள்? அந்தப் பையன் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிறானே!" என்று குரல் கொடுப்பார். எழுபதாவது நிமிடத்தில் அதே பெஞ்சைப் பார்த்து, "இறக்குவதற்குத்தான் அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். முன்னே சொன்னதற்கும் பின்னே சொன்னதற்கும் பொருத்தம் இல்லைதான். ஆனால் அவருடைய இரண்டாவது புகாரைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

உலகக் கிண்ணத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்க முதன்முதலில் அனுமதி கிடைத்தது 1970இல், மெக்சிகோவில். அதுவும் இருவர்தான். பிறகு மூவரானது. கோவிட் காலத்தில், 2020இல், தற்காலிகமாக ஐவர் என்றார்கள். 2022இல் அதையே நிரந்தர விதியாக்கினார்கள். கோல் காவலரை விட்டுவிட்டால் களத்தில் இருப்பவர் பத்துப் பேர். அதில் ஐவரை மாற்றலாம் என்றால் பாதிக் குழுவையே மாற்றலாம் என்று பொருள். பதினொருவர் பலமாக இருந்தால் போதும் என்ற காலம் போய்விட்டது.

தோட்டத்து ஆட்டத்தில் இந்த விதியெல்லாம் ஏது? ஞாயிற்றுக்கிழமை மாலை, தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி. லாரியில் ஏறிப் போவார்கள். குழுவைத் தேர்ந்தெடுப்பவர் கிராணியாக இருந்தால், அவருடைய மைத்துனருக்கு ஓர் இடம் நிச்சயம். அதைப் பற்றி மறுநாள் பெரட்டில் ஆரம்பித்து வெட்டுக்காடு வரைக்கும் முணுமுணுப்பு நடக்கும். ஆகவே ஆள் தேர்வில் குறை சொல்வது நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஒன்று. ஒருவன் காலில் அடிபட்டு வெளியே வந்தால், கோட்டோரம் வெறுங்காலோடு நிற்கும் பையன்களில் ஒருவனைக் கூப்பிட்டு, அடிபட்டவனின் பூட்சைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே அனுப்புவார்கள். பூட்ஸ் பெரிதாக இருக்கும், பையன் ஆடிவிடுவான். அந்தக் கோட்டோரம்தான் தோட்டத்தின் பெஞ்சு. அதில் ஆள் இல்லாத நாள் கிடையாது.

மாநிலக் குழுவின் கதைக்கு வருவோம். 2009 முதல் 2011 வரை மலேசிய லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை இருந்தது. எல்லாக் குழுக்களும் உள்ளூர்ப் பையன்களையே நம்ப வேண்டிய நிலை. அந்த மூன்று ஆண்டுகளில் நெகிரி என்ன செய்தது? 2009இல் கிளந்தானை 3-1 என வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. 1948க்குப் பிறகு, 61 ஆண்டு கழித்துக் கிடைத்த கிண்ணம் அது. 2010 இறுதியாட்டத்தில் அதே கிளந்தானிடம் 1-2 எனத் தோற்றது. 2011இல் தெரெங்கானுவை 2-1 என வென்று கிண்ணத்தை மீண்டும் கொண்டுவந்தது. தொடர்ந்து மூன்று இறுதியாட்டங்கள்! அந்த நாளைய குழுவில் வேகத்துக்குப் பெயர் வாங்கியவர் சிரம்பானில் பிறந்த எஸ். குணாளன்.

அதே தடைக்காலத்தில்தான் தேசியக் குழுவும் தலை நிமிர்ந்தது. 2010 டிசம்பரில் சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டம். ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 எனத் தோல்வி. இரசிகர்கள் கொதித்தார்கள். பயிற்றுநர் கே. ராஜகோபால் இளைஞர்களைக் கைவிடவில்லை. டிசம்பர் 26ஆம் தேதி, புக்கிட் ஜாலில் அரங்கில் அதே இந்தோனேசியாவை 3-0 என வென்றார்கள். ஜகார்த்தாவில் நடந்த இரண்டாம் சுற்றில் 1-2 எனத் தோற்றாலும் மொத்தக் கணக்கில் கிண்ணம் வந்தது. குணாளனும் அந்தக் குழுவில் ஒருவர்.

2012இல் வெளிநாட்டவர் மீண்டும் வந்தார்கள். 2014 பருவத்தில் நெகிரி இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டவர் வந்ததுதான் காரணம் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. பணம், நிர்வாகம், ஆட்கள் வேறு குழுக்களுக்குப் போனது எல்லாம் இருக்கிறது. கே. தேவன் பயிற்றுநராக இருந்தபோது, 2022இல், இதே நெகிரி சூப்பர் லீக்கில் நான்காவதாக வந்தது. அந்தக் குழுவிலும் வெளிநாட்டவர் இருந்தார்கள். உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்துச் சூப்பர் லீக்கில் ஆடிக் காட்டிய பெட்டாலிங் ஜெயா சிட்டி குழு, அதே 2022 பருவத்தோடு லீக்கை விட்டே விலகியது. கொள்கை மட்டும் சம்பளம் கொடுக்காது.

அப்படியானால் இரசிகரின் கோபம் யார் மேல் போக வேண்டும்? பயிற்றுநர் தனக்குக் கொடுத்தவர்களில் இருந்துதான் ஐவரை எடுக்க முடியும். கொடுத்துக்கொண்டிருந்த கோட்டோரம் எங்கே? சிரம்பான் 2, பண்டார் எண்ஸ்டெக், பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்று ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் போனபோது கோயிலை இடம் மாற்றக் கேட்டார்கள், பள்ளிக்கு நிலம் கேட்டார்கள். கேட்க வேண்டியவைதான். திடலுக்கு மாற்றுத் திடல் கேட்டவர்கள் எத்தனை பேர்? இன்று தாமான் பையன் ஆட வேண்டுமானால், பத்துப் பேர் காசு சேர்த்து ஃபுட்சால் அரங்கை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். காசு இல்லாத பையன் வருவதில்லை. 'காற்பந்து அரசர்' அப்துல் கனி மின்ஹாட் பிறந்த ரந்தாவ் வட்டாரத்துக்கும் இதே கதைதான்.

இரசிகரையும் ஒரு கேள்வி கேட்கலாம். இளையோருக்கான பிரசிடெண்ட் கிண்ண ஆட்டங்களுக்கு அவர் போனதுண்டா? மாநிலக் குழுவின் அடுத்த பெஞ்சு அங்கேதான் ஆடுகிறது. பார்வையாளர் பகுதியில் பெற்றோரும் சில நண்பர்களும் இருப்பார்கள். மற்ற இருக்கைகள் காலி. சனிக்கிழமை இரவு பாரோயில், எண்பதாவது நிமிடத்தில் பலகை உயர்ந்து ஒரு புதுப் பையன் ஓடி வருகிறான். இரசிகர் பக்கத்தில் இருப்பவரிடம் பழைய வழக்கப்படி, "எந்தத் தோட்டத்துப் பிள்ளை?" என்று கேட்கிறார். அவருக்கும் தெரியவில்லை.